மஞ்சள் முலாம் போய் காமா முலாம் வந்தது

கோவையில் ஒரு காலத்தில் போல்ட், நட்டு வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மஞ்சளுங்களா, வெள்ளைங்களா?" மஞ்சள் என்றால் வானவில் ஓடும் பொன்னிறம். வெள்ளை என்றால் லேசாக நீலம் பாய்ந்த பளபளப்பு. இரண்டுக்கும் அடியில் இருந்தது ஒரே துத்தநாகம். கடைசியாகக் குரோமேட் கரைசலில் முக்கி எடுத்ததில் வந்தது அந்த நிறம். மஞ்சள் கூடுதல் நாள் தாங்கும் என்பது ஊரறிந்த சேதி. அதற்குமேல் வாங்குபவரும் கேட்டதில்லை, விற்பவரும் சொன்னதில்லை.

இன்று இதே ஊரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் கார் உதிரிபாகத்தின் வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால் வேறு பாஷை. துத்தநாகம்–நிக்கல் கலவை, அதில் நிக்கல் 12 முதல் 15 சதவீதம், தடிமன் 8 மைக்ரான், ஹெக்ஸாவலன்ட் குரோமியம் அறவே கூடாது, உப்புத் தெளிப்புச் சோதனையில் 720 மணி நேரம் வரை சிவப்புத் துரு தலைகாட்டக் கூடாது என்கிற ரீதியில் எழுதியிருக்கும். எவ்வளவு கனமாகப் பூசினீர்கள் என்ற கேள்வியோடு, எதனால் பூசினீர்கள், அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்ற கேள்வியும் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டது. கோவையின் பட்டறைத் தொழிலில் கடந்த ஐம்பது ஆண்டுகளில் நடந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று என்பது என் எண்ணம். பேசப்பட்டதோ மிகக் குறைவு.

துத்தநாகத்தை இரும்பின்மேல் பூசுவதற்குக் காரணம் அழகு இல்லை. இரும்பின் திட்ட மின்னழுத்தம் –0.44 வோல்ட், துத்தநாகத்துக்கு –0.76. இரண்டும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் கிடந்தால் முதலில் கரைவது துத்தநாகம். பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும் பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து அதைக் காக்கும். நிக்கல், குரோமியப் பூச்சுகளுக்கு அந்தக் குணம் கிடையாது. ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும், அந்த இடத்தில் இரும்பு இன்னும் வேகமாக அரிபடும். இதற்கு வேண்டிய துத்தநாகமும் கொஞ்சம்தான். 8 மைக்ரான் கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 57 கிராம். ஒரு ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் ஓடினால் 1.22 கிராம் படியும் என்பது ஃபாரடே விதி தரும் கணக்கு. அந்தச் சிறு கனத்தை நம்பித்தான் ஒரு வண்டியின் பிரேக் குழாயும், ஒரு பம்பின் போல்ட்டும் நிற்கின்றன.

கோவைக்கு இந்தத் தொழில் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1888-இல் முதல் பஞ்சாலை. 1930-களில் பைக்காரா மின்சாரம். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மின்மோட்டார். பஞ்சாலைக்கு உதிரிபாகம், தோட்டத்துக்குப் பம்பு, அதற்கு வார்ப்பட்டறை, லேத் பட்டறை என்று கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கமெல்லாம் சந்துக்குச் சந்து தொழில் வேரூன்றியது. கடைந்த பொருள் துருப்பிடிக்காமல் இருக்க யாராவது முலாம் போட்டுத்தர வேண்டும். அப்படி முளைத்தவைதான் ஜாப் ஒர்க் பிளேட்டிங் பட்டறைகள்.

அந்தக் காலத்துத் துத்தநாகத் தொட்டி பெரும்பாலும் சயனைடு தொட்டி. சோடியம் சயனைடு, காஸ்டிக் சோடா, துத்தநாக ஆக்சைடு இவை மூன்றும் கலந்த கரைசல். சிறு பட்டறைக்கு அது வரப்பிரசாதம். சாமானில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தாலும் சயனைடு அதைப் பொறுத்துக்கொள்ளும். குழி, பள்ளம், திருகின் அடிவாரம் எல்லாம் ஓரளவு சீராக மூடும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ரெக்டிபையர், நான்கு தொட்டி, கையால் சுற்றும் பேரல் ஒன்று இருந்தால் தொழில் ஓடியது. கழுவி எடுத்த சாமானை மரத்தூளில் புரட்டி ஈரம் போக்குவார்கள். தொட்டிக்குத் துத்தநாகம் போதவில்லையா, பளபளப்பு மருந்து கூடிவிட்டதா என்பதை மாஸ்டர் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆய்வகம் பார்த்திராத அந்த மனிதர்களின் கண்ணும் கையும்தான் கொங்குநாட்டுப் பம்புத் தொழிலைப் பல பத்தாண்டுகள் தாங்கின. அந்தக் கைத்திறனுக்கு இதுவரை யாரும் உரிய மரியாதை செய்யவில்லை.

ஆனால் அந்தச் சயனைடு கரைசலுக்குப் பக்கத்திலேயே துரு நீக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத் தொட்டி இருக்கும். இரண்டும் தவறிக் கலந்தால் எழுவது ஹைட்ரஜன் சயனைடு வாயு, உயிரைக் குடிப்பது. அடுத்தது, அந்த மஞ்சள். மஞ்சள் நிறத்தைத் தந்த குரோமேட் படலத்தில் இருப்பது ஹெக்ஸாவலன்ட் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாக வகைப்படுத்தியது. முலாம் பட்டறை வெளியே விடும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியச் சட்ட வரம்பு. வெறுங்கையால் சாமானை முக்கி எடுத்த காலத்தில் அந்த எண்ணைத் தெரிந்துவைத்திருந்த பட்டறை எத்தனை இருந்திருக்கும்? மஞ்சளுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். படலத்தில் கீறல் விழுந்தால் அதில் ஊறியிருக்கும் குரோமேட் கசிந்து வந்து கீறலைத் தானே ஆற்றும். அவ்வளவு மலிவாக அவ்வளவு நல்ல பாதுகாப்பு அதன்பிறகு கிடைக்கவில்லை. அதை விட்டுவிட உலகம் தயங்கியதற்கு அதுவே காரணம்.

இன்னொரு பழக்கமும் அன்றைய முலாமின் தரத்தை நிர்ணயித்தது. கூலி கிலோ கணக்கு. ஒரு கிலோ சாமானுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார்கள். சின்னத் திருகு ஒரு கிலோ எடுத்தால் அதன் மேற்பரப்பு அதிகம், பெரிய போல்ட் ஒரு கிலோவுக்குக் குறைவு. கூலி ஒன்றே என்றால் சின்னத் திருகுக்குத் துத்தநாகம் மெலிந்துதான் போகும். பார்வைக்கு இரண்டும் ஒரே பளபளப்பு. எவ்வளவு மைக்ரான் என்று அளந்து பார்க்கும் கருவி பட்டறையிலும் இல்லை, வாங்கியவரிடமும் இல்லை. மழைக்காலம் வந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

அறிவியல் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. சயனைடு இல்லாத துத்தநாக முலாம், துத்தநாகத்தோடு நிக்கலும் கோபால்ட்டும் சேர்ந்த கலவை முலாம் என்று அங்கே ஆண்டாண்டாக ஆய்வு நடந்தது. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்திப் பார்க்க மண்டபத்தில் தனிச் சோதனை நிலையமே வைத்திருந்தார்கள். காரைக்குடிக்கும் கணபதிக்கும் நடுவில் சில மணி நேரப் பயணம்தான். ஆனாலும் அந்த ஆய்வின் பலன் சிறு பட்டறைக்கு வந்து சேர வெளிநாட்டிலிருந்து ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தமான விஷயம்.

அந்தச் சட்டம் 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த பழைய வாகனங்கள் பற்றிய ஆணை. ஆயுள் முடிந்த காரை உடைக்கும்போது ஈயம், பாதரசம், காட்மியம், ஹெக்ஸாவலன்ட் குரோமியம் ஆகியவை மண்ணில் சேரக் கூடாது என்பது அதன் நோக்கம். துரு தடுக்கும் பூச்சில் இந்தக் குரோமியத்துக்கு 2007 ஜூலை 1 கடைசி நாளானது. மின்சாதனங்களுக்கான தடை அதற்கு ஓராண்டு முன்பே அமலுக்கு வந்திருந்தது. கோவையில் ஏற்றுமதி ஆர்டர் எடுத்தவர்கள் தங்கள் பிளேட்டிங் பட்டறையைக் கூப்பிட்டு மஞ்சளை நிறுத்தச் சொன்னார்கள். அதன் இடத்தில் டிரைவலன்ட் குரோமியத்தால் படலம் போடும் டிரைவலன்ட் பாசிவேஷன் வந்தது. அதன் இயற்கை நிறம் நீலம் கலந்த வெள்ளி. உள்ளூர் வாடிக்கையாளர் பலர் மஞ்சள் இல்லையென்றால் மட்டம் என்று நினைத்ததால், டிரைவலன்ட் படலத்தில் சாயம் சேர்த்து மஞ்சளாக்கித் தரும் மருந்தும் சந்தைக்கு வந்தது. தரத்தின் அடையாளமாக இருந்த நிறம் அன்றோடு அந்தத் தகுதியை இழந்தது. இன்று மஞ்சள் போல்ட் ஒன்றைக் கையில் எடுத்தால் அது எந்த மஞ்சள் என்று கண்ணால் சொல்ல முடியாது.

நிறத்தை மாற்றியதோடு வேலை முடியவில்லை. குளிர்நாடுகளில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். வண்டியின் அடிப்பகுதி மாதக்கணக்கில் உப்புச் சேற்றில் ஊறும். எஞ்சின் பக்கத்தில் சூடும் ஏறும். வெறும் துத்தநாகம் அங்கே தாக்குப்பிடிக்காது. ஜப்பானிய எஃகு ஆலைகள் கார் தகடுகளுக்கு 1980-களிலேயே துத்தநாகம்–நிக்கல் பூச்சைப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. அந்தக் கலவை இப்போது திருகுக்கும், பிரேக் பாகத்துக்கும், எரிபொருள் குழாய்க்கும் இறங்கிவந்தது.

இந்தக் கலவையின் அறிவியல் என்னை வியக்க வைப்பது. நிக்கலின் திட்ட மின்னழுத்தம் –0.25 வோல்ட். அதாவது துத்தநாகத்தைவிட எளிதாகப் படிய வேண்டிய உலோகம் அது. இரண்டு உப்பையும் ஒரே தொட்டியில் கரைத்து மின்சாரம் விட்டால் நிக்கல் முந்திக்கொள்ளும் என்று யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. துத்தநாகம் முந்துகிறது. தொட்டியில் இருக்கும் விகிதத்தைவிடக் குறைவாகத்தான் நிக்கல் முலாமில் ஏறுகிறது. இரும்பு, கோபால்ட் விஷயத்திலும் இதே கதை. அமெரிக்க ஆய்வாளர் அப்னர் பிரென்னர் 1963-இல் வெளியிட்ட கலவை முலாம் பற்றிய பெருநூலில் இதை முறைமாறிய கூட்டுப்படிவு என்ற வகையில் வைத்தார். முலாம் ஏறும் பரப்பில் ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் அங்கே காரத்தன்மை கூடி, துத்தநாக ஹைட்ராக்சைடு மெல்லிய திரையாகப் படர்ந்து நிக்கலை மறிக்கிறது என்பது ஒரு விளக்கம். எல்லாத் தொட்டிக்கும் இது பொருந்தாது என்று மறுப்பவர்களும் உண்டு. விவாதம் இன்னும் ஓயவில்லை.

சேர்மானம் மாறினால் உள்ளமைப்பும் மாறும். தூய துத்தநாகத்தின் படிகம் அறுகோண அடுக்கு. அதில் நிக்கல் கரைவது மிகக் கொஞ்சம். அதற்குமேல் சேரும் நிக்கல் துத்தநாகத்தோடு கூடி வேறொரு படிகத்தை உண்டாக்குகிறது. காமா என்று பெயர். ஐந்து நிக்கல் அணுவுக்கு இருபத்தொரு துத்தநாக அணு என்ற விகிதம், கனசதுர அடுக்கு, ஒரு கட்டத்தில் 52 அணுக்கள். நிக்கல் குறைவாக இருந்தால் பழைய அறுகோணமும் புதிய காமாவும் ஒரே முலாமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டுக்கும் மின்னழுத்தம் வேறு என்பதால் முலாமுக்குள்ளேயே ஒன்று மற்றொன்றை அரிக்கும். 12 முதல் 15 சதவீதத்தில் முழுதும் ஒரே காமா. உள்சண்டை இல்லை. வரைபடத்தில் அந்த எண்ணை அவ்வளவு பிடிவாதமாக எழுதுவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் நடக்கிறது. வெறும் துத்தநாகத்துக்கும் எஃகுக்கும் மின்னழுத்த இடைவெளி அதிகம், ஆகவே அது அவசரமாகத் தன்னைக் கரைத்துக்கொள்கிறது. காமா முலாமில் இடைவெளி சுருங்குகிறது. மடை வாயை அகலத் திறந்துவிட்டால் கிணறு ஒரே நாளில் வற்றும், குறுக்கிவைத்தால் பல நாள் பாயும் என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். அதே கணக்கு இங்கேயும். எஃகைக் காக்கும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது, வீணாகக் கரையும் அளவுக்கு இல்லை. நிக்கலை அளவுமீறிக் கூட்டினால் இந்த இடைவெளி தலைகீழாகி, முலாமே எஃகுக்கு எதிரியாகிவிடும். நிக்கல் அளவோடு இருந்தால், காலப்போக்கில் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து போக, நிக்கல் மிகுந்த தோல் ஒன்று மிஞ்சி அடுத்த தாக்குதலை மெதுவாக்குகிறது. கடினமும் வேறு ரகம். துத்தநாகம் விக்கர்ஸ் அளவில் நூறை ஒட்டி இருந்தால் காமா 350-க்கு மேல். ஆனால் முலாம் போட்ட பிறகு வளைத்தால் மயிரிழை வெடிப்பு விழும் என்பதையும் மறக்கக் கூடாது.

துத்தநாகம்–இரும்பு, துத்தநாகம்–கோபால்ட் கலவைகளும் உண்டு. இரண்டிலும் துணை உலோகம் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். இரும்பு கலந்ததில் வெள்ளி உப்பு சேர்க்காமலே நல்ல கருப்புப் பாசிவேஷன் வரும் என்பது அதன் சிறப்பு. நீண்ட ஆயுள் கேட்கும் இடத்தில் நிக்கல் கலவைதான் முந்துகிறது.

சதவீதத்தைத் தொட்டியில் பிடித்துவைப்பது லேசான வேலை இல்லை. மின்சாரம் எங்கே அதிகம் பாய்கிறதோ அங்கே ஒரு சேர்மானம், குறைவாகப் பாயும் இடத்தில் வேறொன்று. ஒரே போல்ட்டில் திருகின் உச்சியில் ஒரு விகிதமும் அடிவாரத்தில் வேறு விகிதமும் வந்தால், தடிமன் சரியாக இருந்தும் சாமான் திரும்பி வரும். காரக் கரைசல் தொட்டி இந்த வேறுபாட்டை நன்றாகக் கட்டுப்படுத்தும், அமீன் வகைச் சேர்மங்கள் நிக்கலைப் பிடித்துவைத்துச் சீராக விடும். அதற்கு விலை நேரம். போகும் மின்சாரத்தில் பாதியை ஒட்டித்தான் உலோகமாகப் படிகிறது. மீதி ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் உறுதிமிக்க எஃகுக்குள் புகுந்தால் போல்ட் ஒருநாள் சொல்லாமல் முறியும். ஆகவே 190 முதல் 220 டிகிரி சூட்டில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும்.

கோவைக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். நம் ஊர் வார்ப்பட்டறை ஊர். வார்ப்பிரும்பின் மேற்பரப்பில் இருக்கும் கிராஃபைட் மேல் ஹைட்ரஜன் எளிதில் கிளம்பும், காரத் தொட்டியில் துத்தநாகம் ஏறவே மறுக்கும். பிரேக் காலிப்பர் போன்ற வார்ப்புப் பாகங்களுக்கு அமிலக் குளோரைடு தொட்டி வேண்டும். அது வேகமானது, வார்ப்பில் ஏறும், ஆனால் சீர்மை குறைவு. எந்தச் சாமானுக்கு எந்தத் தொட்டி என்று முடிவெடுக்க இப்போது பழைய கண் மட்டும் போதாது. எக்ஸ்-கதிர் பாய்ச்சித் தடிமனையும் நிக்கல் சதவீதத்தையும் ஒரே நேரத்தில் சொல்லும் கருவி வேண்டும். அறைக்குள் 35 டிகிரியில் 5 சதவீத உப்புக் கரைசலை ஓயாமல் தெளிக்கும் பெட்டி வேண்டும். 267 மில்லிலிட்டர் பிடிக்கும் ஹல் செல் என்ற சோதனைத் தொட்டி மட்டும் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நல்ல மாஸ்டர் இன்றும் அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு தகடு ஓட்டிப் பார்க்காமல் தொட்டியைத் தொடுவதில்லை.

இந்தப் புதிய தொட்டிகளால் சயனைடு ஒழிந்தது என்று நிம்மதி அடைந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கார வகை துத்தநாகம்–நிக்கல் தொட்டியில் இருக்கும் அமீன், நிக்கல் ஆனோடின் பரப்பில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதையும். அந்தச் சிதைவில் சயனைடு உருவாகித் தொட்டியிலேயே சேருகிறது. ஆனோடைச் சவ்வுக்குள் அடைத்துவைத்தால் இதைப் பெருமளவு தடுக்கலாம், ஆனால் அது செலவு. கழிவுநீரிலும் சங்கடம். அமீன் பிடித்துவைத்திருக்கும் நிக்கல், சுண்ணாம்பு போட்டால் அடியில் படியாது. தனி முறையில் பிரித்தெடுக்க வேண்டும். நிக்கலும் லேசுப்பட்ட உலோகம் இல்லை, தோல் ஒவ்வாமை தொடங்கி நுரையீரல் வரை தொல்லை தரக்கூடியது. நொய்யலில் சாயநீர் கலந்ததற்காக 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த ஊர் இது. முலாம் பட்டறைகளின் கழிவு அளவில் சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் வராது. நச்சில் குறைவில்லை. பட்டறை ஒவ்வொன்றும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. தொழிற்பேட்டை தோறும் பொதுச் சுத்திகரிப்பு வேண்டும், அதற்கு அரசு முதலில் கை நீட்ட வேண்டும்.

எல்லாப் பட்டறையும் மாறிவிடவில்லை. ஏற்றுமதி வேலை எடுப்பவர்களிடம் தானியங்கி வரிசையும் சோதனைக்கூடமும் இருக்கின்றன. உள்ளூர்ச் சந்தைக்கு இன்றும் கிலோ கணக்கு முலாம்தான் பெருவாரி. ஐரோப்பியரின் காருக்குப் போகும் போல்ட்டுக்கு 720 மணி நேரம் கேட்கும் ஊரில், அன்னூர் விவசாயியின் மோட்டார் பெட்டி போல்ட்டுக்கு எத்தனை மைக்ரான் என்று கேட்க ஆளில்லை. உப்புத் தண்ணீரும் உரக் கரைசலும் தெறிக்கும் தோட்டம் துருவுக்குச் சுகமான இடம். நாமக்கல் கோழிப்பண்ணையில் எழும் அம்மோனியா துத்தநாகத்தையே கரைக்கும். தேவை இங்கேயும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் நிக்கல் கலவை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிக்கலை நாம் இறக்குமதி செய்கிறோம், விலை அதிகம். ஆழ்குழாய்க்குள் தண்ணீரில் மூழ்கியே கிடக்கும் பாகத்துக்கு முலாமைவிடத் துருப்பிடிக்காத எஃகு உகந்தது. உப்புத் தெளிப்புப் பெட்டியின் மணி நேரத்தைத் தோட்டத்து ஆண்டுகளாக மாற்றிக் கணக்குப் போடவும் முடியாது. அந்தச் சோதனை ஒரு தொட்டியை மற்றொரு தொட்டியோடு ஒப்பிடத்தான். மேற்கூரைக்குக் கீழ், உலர்ந்த இடத்தில் இருக்கும் போல்ட்டுக்குக் கனம் சரியான சாதாத் துத்தநாகமே போதும். மெலிந்த முலாமைப் பளபளப்பில் மறைத்து விற்பதுதான் தவறு.

பம்பும் மோட்டாரும் செய்பவர்கள் ஒன்று செய்யலாம். முலாம் கூலியைக் கிலோவுக்குப் பேசுவதை விட்டுப் பரப்புக்குப் பேசுங்கள். என்ன கலவை, எத்தனை மைக்ரான், எந்தப் பாசிவேஷன் என்ற மூன்று விவரத்தையும் பெட்டியின்மேல் ஒரே வரியில் அச்சடியுங்கள். வாங்குபவர்களும் இனி மஞ்சளா வெள்ளையா என்று கேட்க வேண்டாம், அந்த மூன்றையும் கேளுங்கள்.